பிளாட்பெட் கொம்பனியில் ஓரியண்டேஷன்: ஓட்டத் தெரிந்த சாரதிக்கு அங்கே என்ன வேலை?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமாக ஒன்ராறியோவில் இருந்து அமெரிக்காவுக்கு ட்ரை வான், அதாவது மூடிய பெட்டி ட்ரெய்லர், ஓட்டுகிறீர்கள். விபத்து இல்லை, டிக்கெட் இல்லை. இப்போது ஹமில்டன் பக்கம் ஒரு பிளாட்பெட் (மூடாத தட்டை ட்ரெய்லர்) கொம்பனி உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை தொடங்கி மூன்று நாள் ஓரியண்டேஷன், அதாவது புதிதாகச் சேருகிறவர்களுக்கான அறிமுகப் பயிற்சி. "இவ்வளவு காலம் ஓட்டின எனக்கு மறுபடியும் எதற்கு வகுப்பு? என்னென்ன கொண்டுபோக வேண்டும், அங்கே என்னென்ன கேட்க வேண்டும்?" என்கிறீர்கள்.

நான் நெடுங்காலம் பிளாட்பெட் ஓடினவன். பிறகு யார்டில் நின்று, புதிதாக வருகிற சாரதிகளுக்கு லோட் (ஏற்றிய சாமான்) கட்டக் காட்டிக் கொடுக்கிற வேலையும் பார்த்தேன். அந்த மூன்று நாளும் உங்களுக்கு ஓட்டப் பழக்குவதற்கு இல்லை. ட்ரை வானின் கதவில் சீல் போட்டு, திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றால், உள்ளே உள்ள சாமானைச் சரிபார்க்கும் கடமையில் இருந்து அமெரிக்கச் சட்டமே சாரதியை விட்டுவிடுகிறது. பிளாட்பெட்டில் கதவும் இல்லை, சீலும் இல்லை. மில்லில் கிரேன் சாமானை வைத்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு அது அசையாமல் இருப்பது முழுக்க உங்கள் கையில். எனவே அங்கே போகும்போது ஓட்டத்தில் ஏழு வருடக்காரனாகவும், கட்டுவதில் முதல் நாள்காரனாகவும் போய் உட்காருங்கள். அதே நேரத்தில் கொம்பனியையும் நன்றாக அளந்து பாருங்கள். கட்டும் சாமானுக்கும் கட்டும் நேரத்துக்கும் அவர்கள் என்ன மரியாதை தருகிறார்கள் என்பதை அந்த மூன்று நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் நாள் காலை முழுக்கக் கடதாசி வேலை. ஏ-ஸெட் (பெரிய ட்ரக்) லைசன்ஸ், பாஸ்போர்ட், பாஸ்ட் கார்ட் (எல்லையை விரைவாகத் தாண்டும் அட்டை) இருந்தால் அது, புதிதாக எடுத்த டிரைவர் அப்ஸ்ட்ராக்ட் (சாரதிப் பதிவின் பிரதி), சி.வி.ஓ.ஆர். அப்ஸ்ட்ராக்ட் (ஒன்ராறியோவின் வணிக வாகனப் பதிவின் பிரதி) எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இன்னும் குடியுரிமை எடுக்காமல் பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்டோடு இருக்கிற நம் ஆட்கள், தங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முடிகிற திகதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்படும் சாரதியை லோட் பிரித்துக் கொடுக்கிற எந்த டிஸ்பாச்சரும் இரண்டாம் தரம் நம்பிக் கூப்பிட மாட்டார்.

விண்ணப்பத்தில் வேலை வரலாறு கேட்பார்கள். கடைசி மூன்று வருடம் செய்த எல்லா வேலையும், அதற்கு முன் ஏழு வருடத்தில் பெரிய வாகனம் ஓட்டிய வேலைகளும் எழுத வேண்டும். மொத்தம் பத்து வருடம். இது அமெரிக்க விதி. அனுபவம் கூடக் கூட இந்தப் பட்டியலும் நீளும். மூன்று வருடத்துக்குள் ஓட்டிய கொம்பனிகளை அவர்கள் கட்டாயம் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும். ஆகவே பழைய கொம்பனிகளின் பெயர், முகவரி, தொலைபேசி, சேர்ந்த மாதம், விட்ட மாதம் எல்லாவற்றையும் வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இடையில் ஊருக்குப் போய் நின்ற மாதங்கள் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். இடைவெளி இருப்பது குற்றம் இல்லை, அதை மறைப்பதுதான் பிரச்சினையாகும். மூடிப்போன கொம்பனி என்றால் அந்த வருடத்து டி-4 (ஊழியருக்குத் தரும் சம்பளக் கணக்கு) கடதாசி ஒன்று கையில் இருந்தால் போதும், கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

கிளியரிங்ஹவுஸ் என்று ஒன்று இருக்கிறது. 2020 ஜனவரி 6-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் போதைப்பொருள், மதுப் பரிசோதனைப் பதிவேடு அது. எல்லை தாண்டி ஓடுகிற கனடாச் சாரதிக்கும் அது பொருந்தும். புதுக் கொம்பனி அதில் உங்கள் பதிவை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால், உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து நீங்கள்தான் சம்மதம் கொடுக்க வேண்டும். பலர் அந்தக் கணக்கைத் திறந்திருக்க மாட்டார்கள், திறந்தவர்கள் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள். இதற்காகவே அரை நாளை வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம் உண்டு. முடிவு வரும் வரை உங்களை ஓட்ட விட முடியாது. இங்கே இரண்டு விஷயம். ஒன்று, சோதனை தொடங்கிய பிறகு "வரவில்லை, நாளைக்கு வருகிறேன்" என்று எழும்பிப் போகக் கூடாது. மூன்று மணித்தியாலம் வரை இருந்து தண்ணீர் குடித்துக் கொடுக்க இடம் உண்டு. இடையில் வெளியேறினால் மறுத்ததாகப் பதிவாகும், மறுப்பது போதைப்பொருள் இருந்ததற்குச் சமம். மற்றது கஞ்சா. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் அது சட்டபூர்வம்தான், ஆனால் அமெரிக்காவுக்கு ஓடுகிற சாரதிக்கு அது இல்லவே இல்லை. மூட்டு நோவுக்கு என்று கடையில் விற்கிற, கஞ்சாச் செடியில் இருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயையும் தொடாதீர்கள். அதில் கொஞ்சம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கலந்திருந்து சோதனையில் தெரிந்தால், "எண்ணெய்தான் பூசினேன்" என்ற விளக்கத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

மணிக்கணக்கு விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். அமெரிக்காவில் 14 மணித்தியால வட்டத்துக்குள் 11 ஓட்டம், இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியால ஓட்டம். பிளாட்பெட்டில் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டியது, கட்டுவதும் தறப்பாள் போடுவதும் வேலை நேரம் என்பது. ட்ரை வானில், சாமான் ஏற்றி இறக்கும் டொக்கில் நிற்கும்போது படுத்து எழும்பின பழக்கத்தில், ஒன்றரை மணித்தியாலம் தறப்பாள் போட்டுவிட்டு அதை ஓய்வு என்று லாக்கில் (வேலை நேரப் பதிவேட்டில்) போடாதீர்கள். மில் வாசல் கமராவில் நீங்கள் லோட்டின் மேல் நிற்பது பதிவாகியிருக்கும், லாக்கில் படுக்கையில் இருப்பீர்கள். விபத்து ஒன்று நடந்து வழக்கறிஞர் கையில் இரண்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரோட் டெஸ்ட்டைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. அனுபவக்காரர் அதில் விழுவது அவசரத்தால்தான். வட்டமாகச் சுற்றிப் பார்க்காமல் ஏறுவது, ட்ரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கிற பிப்த் வீல் பூட்டை டார்ச் அடித்துப் பார்க்காமல் இழுப்பது, இப்படி. அந்த டெஸ்ட்டில் ஒன்று மட்டும் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். பிளாட்பெட்டில் பின் அச்சு இரண்டும் பத்தடி தள்ளி இருக்கிற ஸ்ப்ரெட் ஆக்ஸில் நிறைய வரும். அமெரிக்காவில் சாதாரண டாண்டத்துக்கு (நெருங்கி இருக்கிற இரட்டை அச்சுக்கு) 34,000 இறாத்தல் என்றால் இதற்கு 40,000 வரை விடுவார்கள், அதுதான் காரணம். ஆனால் இறுக்கமாகத் திரும்பினால் டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். யார்டில் வான் மாதிரி மடித்துத் திருப்பினால் பக்கத்தில் இருக்கிறவர் உடனே குறித்துக்கொள்வார்.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். லோட் கட்டும் பயிற்சி.

நல்ல கொம்பனி இதற்குக் குறைந்தது ஒரு முழு நாள் ஒதுக்கும். வகுப்பில் விதியைச் சொல்லும், பிறகு யார்டில் உண்மையான சாமானோடு கட்ட வைக்கும். வீடியோ போட்டுக் காட்டிவிட்டு "எல்லாம் விளங்கிச்சுதா, இங்கே கையெழுத்துப் போடுங்கோ" என்றால் அந்த இடத்திலேயே நீங்கள் யோசிக்க வேண்டும். அந்தக் கையெழுத்து, உங்களுக்குப் பழக்கிவிட்டோம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கப் போகிற சாட்சி. கையால் கட்டிப் பார்க்காமல் அதில் போடாதீர்கள். மரியாதையாகவே கேளுங்கள்: "அண்ணை, ஒருக்கா யார்டில் கட்டிக் காட்டுங்கோ, பிறகு போடுகிறேன்." இதற்கு முகம் சுளிக்கிற கொம்பனி, இரவு இரண்டு மணிக்கு இந்தியானாவில் லோட் சரிந்துவிட்டது என்று நீங்கள் கூப்பிட்டால் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விதியின் அடிப்படை எளிது. அமெரிக்காவும் கனடாவும் ஒரே ஆராய்ச்சியை வைத்து எழுதிக்கொண்டவை. அமெரிக்காவில் 2004 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, இங்கே தேசியப் பாதுகாப்புக் கோவையின் பத்தாவது தரம். பிரேக் அடித்தால் சாமான் தன் பாரத்தில் 80 சதவீத விசையோடு முன்னே தள்ளும், பின்னுக்கும் பக்கவாட்டுக்கும் 50 சதவீதம், அதை உங்கள் கட்டு தாங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 40,000 இறாத்தல் சாமான் என்றால் 32,000 இறாத்தல் உங்கள் முதுகுப் பக்கம் வரப் பார்க்கிறது என்று அர்த்தம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி விதி எல்லாம் தானாக விளங்கும்.

கட்டுகிற சங்கிலி, ஸ்ட்ராப் (துணிப் பட்டி) எல்லாவற்றிலும் இவ்வளவு பாரம் தாங்கும் என்று குறி இருக்கும். அந்தக் குறிகளின் கூட்டுத்தொகை சாமானின் பாரத்தில் குறைந்தது பாதி வர வேண்டும். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். எட்டில் மூன்று (3/8) அங்குல, கிரேட் 70 தரச் சங்கிலி ஒன்று 6,600 இறாத்தல். சாமான் 40,000 இறாத்தல், பாதி 20,000. மூன்று சங்கிலி போட்டால் 19,800. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், இறுக்கமாகவும் இருக்கும், ஆனால் 200 இறாத்தல் குறைவு. நெடுஞ்சாலையில் ட்ரக் நிறுக்கிற தராசடியில் அதிகாரி கல்குலேட்டரோடு வந்தால் நீங்கள் அந்த இடத்திலேயே நிற்பீர்கள். நாலாவது சங்கிலி போட்டால் 26,400, நிம்மதி. இது சங்கிலி ஒரு பக்கத்தில் தொடங்கிச் சாமானின் மேலால் போய் மற்றப் பக்கத்தில் பூட்டினால் வருகிற கணக்கு. எக்ஸ்கவேட்டர் போன்ற மெஷினில், மெஷினின் காதில் கொளுக்கியைப் போட்டு ட்ரெய்லரில் பூட்டுகிறோம் அல்லவா, அந்த மாதிரிக் கட்டுக்குக் குறியில் பாதிதான் கணக்கு. அதே சங்கிலி அங்கே 3,300 ஆகிவிடும். அனுபவக்காரர்கூடத் தடுமாறும் இடம் இதுதான். ஓரியண்டேஷனில் இதை நீங்களே எடுத்துக் கேளுங்கள். காட்டிக் கொடுக்கிறவருக்கு இது சட்டென்று வாயில் வந்தால் நீங்கள் நல்ல ஆளிடம் பழகுகிறீர்கள்.

பாரம் ஒரு கணக்கு, நீளம் இன்னொரு கணக்கு. முன்னால் தடுப்பு எதுவும் இல்லாத சாமானுக்கு, முதல் பத்தடிக்கு இரண்டு கட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு பத்தடிக்கும் அல்லது அதன் மிச்சத்துக்கும் ஒன்று. 24 அடி இரும்புத் தூண் கட்டு என்றால் நாலு. இரண்டு கணக்கில் எது கூட வருகிறதோ அதைப் போட வேண்டும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், பல கொம்பனிகள் அதற்கு மேல் தங்கள் விதி வைத்திருக்கும். அந்த விதியை எழுத்தில் வாங்கி ட்ரக்கில் வையுங்கள்.

நான் பார்த்த பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. காட்டிக் கொடுக்கிறவர் ஒரு லோட்டை வேண்டுமென்றே பிழையாகக் கட்டி வைத்துவிட்டு, "போய்ப் பாருங்கோ, என்ன பிழை?" என்று விடுவார். எல்லோரும் தள்ளி நின்று பார்ப்பார்கள், இறுக்கம் சரி என்பார்கள். கிட்டப் போய், ஸ்ட்ராப்பை விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். பலகைக் கட்டின் மூலையில் ஸ்ட்ராப் மடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். நாலங்குல ஸ்ட்ராப்பில் வெட்டு முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் அது கட்டே இல்லை என்று அதிகாரி தள்ளிவிடுவார். அடுத்த ஸ்ட்ராப்பில் லேபிளே இருக்காது. லேபிள் இருந்தால் வழக்கமாக 5,400 இறாத்தல், இல்லாவிட்டால் அமெரிக்க அட்டவணைப்படி 4,000-தான். சங்கிலியில் ஒரு கண்ணியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் "70" அல்லது "7" என்று அச்சு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அதே பருமன் சங்கிலிக்கு 2,650 மட்டும். ஸ்ட்ராப்பில் ஒரு முறுக்கு இருந்தால் அதையும் பிழை என்பார்கள் புதியவர்கள். அது பிழை இல்லை. காற்றில் ஸ்ட்ராப் அடித்து அதிராமல் இருக்க நாங்களே ஒரு முறுக்குப் போட்டு விடுவோம். இப்படிக் கையும் கண்ணும் சேர்ந்து பழகினால்தான் இருட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் பிழை தெரியும்.

ஹமில்டன் என்றால் உருக்கு ஆலை, உருக்கு ஆலை என்றால் காயில். உருக்குத் தகட்டைச் சுருட்டி வைத்த அந்தச் சுருள், ஒன்றே 40,000 இறாத்தலுக்கு மேல் வரலாம். அதன் நடு ஓட்டையைக் கண் என்பார்கள். கண் மேலே பார்க்கிறதா, முன்னும் பின்னும் பார்க்கிறதா, பக்கவாட்டில் பார்க்கிறதா என்பதைப் பொறுத்துக் கட்டு முறை மாறும். கண் பக்கவாட்டில் இருந்தால் சுருள் முன்னே உருளும், உருண்டால் போவது உங்கள் கேபினுக்கு. அப்படி வைத்த காயிலில் சங்கிலிகளைக் கண்ணுக்குள்ளால் மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி மாதிரி வருமாறு குறுக்கே போடுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. கீழே வைக்கிற கட்டைகள் ஓடும்போது கழன்று விழாமல் இருக்க ஏற்பாடு வேண்டும். அலபாமாவுக்குக் காயில் லோட் ஓடுவதானால் அந்த மாநிலத்துச் சான்று தனியாக எடுக்க வேண்டும் என்று முன்பு ஒரு சட்டம் இருந்தது, 2013-இல் அமெரிக்க மத்திய அரசு அது செல்லாது என்று முடிவு செய்தது. என் எண்ணத்தில், கட்டிப் பழகின ஒருவர் பக்கத்தில் நிற்காமல் முதல் காயிலை நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது. பலகை, பிளாஸ்டிக் குழாய், செங்கல் பலட் எல்லாம் தனியாகப் பழகலாம். காயில் மட்டும் வேண்டாம்.

சங்கிலியை இறுக்குகிற பைண்டரில் இரண்டு வகை உண்டு. நெம்புகோல் மாதிரி அடித்து இறுக்குகிறது ஒன்று, ராட்செட்டாகச் சுற்றி இறுக்குகிறது மற்றது. முதலாவது வேகமானது, ஆனால் இறுக்கத்தில் இருக்கும்போது கை நழுவினால் பிடி திரும்பி முகத்தில் அடிக்கும். அதற்கு மேல் இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டி இழுக்கிறவர்களைப் பார்ப்பீர்கள், அதைப் பழகாதீர்கள். கொம்பனி ராட்செட் தந்தால் சந்தோசம், தராவிட்டால் கேளுங்கள், அப்பவும் தராவிட்டால் சொந்தக் காசில் வாங்கினாலும் நட்டம் இல்லை. ஸ்ட்ராப்பைச் சுற்றி இறுக்குகிற வின்ச்சில் செருகும் கம்பியான வின்ச் பாரும் அப்படித்தான். முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்காமல் உடம்புப் பாரத்தைப் போட்டால் நழுவி விழுவீர்கள்.

அப்புறம் தறப்பாள். ட்ரை வானில் இருந்து வருகிறவர்களில் பலர் இதற்காகத்தான் ஓரிரு மாதத்தில் திரும்பிப் போகிறார்கள். பலகை லோட்டை மூடுகிற தறப்பாள் ஒன்று நூறு இறாத்தல் வரை இருக்கும், ஒரு லோட்டுக்கு இரண்டு. ஜனவரியில் அது குளிரில் விறைத்துப் பலகை மாதிரி நிற்கும், விரிக்கவும் விடாது மடிக்கவும் விடாது. தூக்கி மேலே ஏற்றப் பார்க்காதீர்கள், போர்க்லிப்ட்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் வைத்துத் தருவார்கள். பின் தறப்பாளை முதலில் போட்டு, முன் தறப்பாளை அதன்மேல் ஏறுமாறு பிறகு போடுங்கள். மாறிப் போட்டால் நெடுஞ்சாலைக் காற்று பொருத்துக்குள் புகுந்து, பலூன் மாதிரி ஊதி, கிழித்துக்கொண்டு போகும். ரப்பர் கொளுக்கிகளை இழுக்கும்போது முகம் நேரே வரக் கூடாது, கண்ணாடி கட்டாயம் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக விழுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்ரெய்லர் தளமே ஐந்தடி உயரம், அதன்மேல் சாமான், அதன்மேல் நீங்கள். தறப்பாளை விரித்துவிட்டால் சாமானின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. தறப்பாளை இழுத்துக்கொண்டு பின்னால் பின்னால் நடப்பதுதான் விழுவதற்கு நேர் வழி. முழங்காலில் இருந்து தள்ளி விரியுங்கள். காற்று பலமாக இருந்தால் போடாதீர்கள், காற்று மறைப்பில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். சில மில்களில் மேலிருந்து கயிறும் பட்டியும் மாட்டிக்கொண்டு ஏறும் இடம் வைத்திருக்கிறார்கள். இருக்கிற இடத்தில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதிலேயே போடுங்கள். காற்றுக்காகவும் பாதுகாப்புக்காகவும் தாமதித்தால் கொம்பனி என்ன சொல்லும் என்று ஓரியண்டேஷனில் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். "உங்கள் முடிவுதான் முடிவு" என்று பாதுகாப்பு அதிகாரி வாயால் சொன்னதை மற்றவர்களும் கேட்டிருந்தால், பிறகு டிஸ்பாச்சர் நெருக்கும்போது அது உதவும்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக. பச்சை முக்கோணம் போட்ட பாதுகாப்புச் சப்பாத்து, தலைக்கவசம், கண்ணாடி, ஒளிரும் மேலங்கி, நீளக் கை சேட்டு, இரண்டு மூன்று சோடி கையுறை. சில உருக்கு ஆலைகள் புறங்காலையும் மூடுகிற காப்புள்ள சப்பாத்து இல்லாமல் வாசலிலேயே திருப்பிவிடும். எந்தெந்த ஆலைக்கு ஓடப்போகிறீர்கள் என்று கேட்டு அதற்கேற்ப வாங்குங்கள். எதைக் கொம்பனி தருகிறது, எதை நீங்கள் வாங்க வேண்டும் என்பதும் முதல் நாளே தெரிய வேண்டும்.

இனிக் காசு. ட்ரை வானில் மைல் கணக்கு மட்டும் பார்த்தால் போதும், இங்கே அப்படி இல்லை. ஒரு லோட்டுக்கு ஏற்றிக் கட்ட இரண்டு மணித்தியாலம், அவிழ்க்க ஒன்று போகும். தறப்பாளுக்கு எவ்வளவு, மில்லில் காத்திருந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு காசு தொடங்கும், வெறும் ட்ரெய்லரோடு ஓடும் மைலுக்கு முழுக் காசா, மொத்த வாடகையில் சதவீதம் என்றால் எந்த வாடகையில், அந்த ரசீதைக் காட்டுவார்களா என்று எல்லாம் கேளுங்கள். தொலைந்த ஸ்ட்ராப், கிழிந்த தறப்பாள் யார் கணக்கு? சாமான் சேதமானால் உங்களிடம் வெட்டுவார்களா? வேலைக்கு எடுத்தவர் தொலைபேசியில் சொன்னதும் கையெழுத்துக்கு வருகிற கடதாசியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாக வாசியுங்கள். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பிரம்டன், ஸ்காபரோ பக்கத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டியிருப்பது இன்னொன்றில். "உங்கள் பெயரில் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வாருங்கள், வரி பிடிக்காமல் தருகிறோம்" என்கிற டிரைவர் இன்க் முறை. ட்ரக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, நேரத்தைச் சொல்வது அவர்கள், ஆனால் நீங்கள் மட்டும் தனி வியாபாரி. ஊழியரை இப்படிப் பிழையாக வகைப்படுத்துவதைக் கனடாத் தொழிற்சட்டம் 2021 முதல் தடை செய்திருக்கிறது. கையில் வருகிற காசு கூடத் தெரியும், உண்மைதான். ஆனால் பிளாட்பெட் உடம்பை வைத்துச் செய்கிற வேலை. லோட்டின் மேலிருந்து விழுந்து முழங்கால் போனால், வேலைக் காயக் காப்புறுதி யாருடையது? வேலை போனால் இ.ஐ. (வேலையிழப்புக் காப்புறுதி) எங்கே? விடுமுறைச் சம்பளம் எங்கே? இரண்டு பிள்ளைகளோடு வீட்டு லோன் கட்டுகிற ஆளுக்கு நான் சொல்வது, டி-4 தருகிற கொம்பனிக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ட்ரெய்லர் தரும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு ஸ்ட்ராப், சங்கிலி, பைண்டர், மூலைக் காப்பு, தறப்பாள், ரப்பர் என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி, போனில் படமும் எடுத்துக் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தறப்பாளை விரித்துப் பாருங்கள், ஓட்டை இருந்தால் அதையும் எழுதுங்கள். மரத் தளத்தில் உடைந்த பலகை, வளைந்த வின்ச், முன் தடுப்பில் வெடிப்பு எல்லாம் பாருங்கள். சாமான் குறைவாக இருந்தால் "வழியில் வாங்கிக்கலாம்" என்ற பேச்சுக்கு ஒத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

முதல் லோட் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நீளப் பயணம் வேண்டாம், காயிலும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். தறப்பாள் போட்ட பலகை லோட் ஒன்று, பீஸ் பிரிட்ஜ் எல்லைப் பாலம் தாண்டி நியூயோர்க் மாநிலத்துக்குள்ளே, பகல் வெளிச்சத்தில் ஏற்றக்கூடியதாகத் தாருங்கள் என்று டிஸ்பாச்சரிடம் சொல்லிப் பாருங்கள். நல்ல டிஸ்பாச்சர் முதல் இரண்டு மூன்று லோட்டுக்கு இதைச் செய்து தருவார். கட்டி முடித்ததும் நாலு பக்கமும் படம் எடுத்து, காட்டிக் கொடுத்தவருக்கு அனுப்பி, "சரியா?" என்று கேளுங்கள். ஓரியண்டேஷன் முடியும்போதே அவருடைய நம்பரை வாங்கி வைத்திருந்தால்தான் இது முடியும், மறக்காதீர்கள்.

ஏற்றிய இடத்தில் இருந்து முதல் 50 மைலுக்குள், இங்கே என்றால் 80 கிலோமீட்டருக்குள், நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று மணித்தியாலம் அல்லது 150 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது. லாக்கில் நிலை மாறும்போதும் பார்க்க வேண்டும். முதல் ஐம்பது மைலில்தான் பலகை ஒன்றோடொன்று இறுகி உட்கார்ந்து ஸ்ட்ராப் தளரும், அப்போது வின்ச்சில் இரண்டு மூன்று பல் கட்டாயம் ஏறும். ஹமில்டனில் ஏற்றினால் போர்ட் ஈரிக்குப் போகும் கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையில் பாலத்துக்கு முன்னாலேயே அதைச் செய்துவிடுங்கள். பாலத்து வரிசையில் மாட்டினால் இறங்கிப் பார்க்க முடியாது, அடுத்த பக்கத்தில் சுங்க அதிகாரி உங்கள் லோட்டைச் சுற்றி நடந்து பார்க்கும்போது தளர்ந்த ஸ்ட்ராப் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கே நிறுத்துவது என்று ஏற்றுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவையுங்கள். திங்கட்கிழமை பயிற்சியில் ஏதாவது விளங்காவிட்டால், அல்லது கையெழுத்துக்கு வந்த கடதாசியில் சந்தேகம் இருந்தால், அன்று இரவே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.